ஊற்றும் ஓசை

புதன் இரவு ஏழு அடிக்க ஐந்து நிமிடம்.
இவாலோவில் சூரியன் போய்ப் பதினெட்டு நாள்.
காப்பியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு
மடிக்கணினியைத் திறக்கிறேன்.
அறையைத் திறப்பது என்றுதான் சொல்வோம்.
சாவி கிடையாது, நாற்காலி போட வேண்டாம்,
முடிந்தபின் கோப்பை கழுவும் சாக்கில்
யாரோடும் இன்னும் கொஞ்சம் நிற்கவும் முடியாது.

ஒவ்வொரு சன்னலாக வெளிச்சம் வருகிறது.
தெர்த்து, அவள் தோளுக்குப் பின்னால் பூனையின் வால்.
ஆர்மஸ், மரம் ஏற்றிய லாரியைச் சாலையோரம் நிறுத்திவிட்டு,
மூச்சுப் புகையில் பாதி மறைந்து.
சல்லாவிலிருந்து ரெய்யோ, நெற்றியும் கூரை விளக்கும் மட்டும்;
ஆறு வருடமாக நான் அவர் வாயைப் பார்த்ததில்லை.

என் அதிகாரம் சிறியது.
மூன்று நிமிடம் ஆனால் விரல் உயர்த்துவேன்.
யார் வீட்டு நாயாவது குரைத்தால் ஒலியை முடக்குவேன்.
அறிவுரை கூடாது, குறுக்கே பேசக் கூடாது என்று
வாரந்தோறும் வாசித்துக் காட்டுவேன்,
'ஓட்டுநரோடு பேசாதீர்' என்ற பலகைக்குக் கீழே
பதினோரு வருடம் பேருந்து ஓட்டியவள்,
இருக்கைக்கு அடியில் குப்பியோடு.

அப்புறம் கே.
ஓரெழுத்துப் பெயர், கறுப்புச் சதுரம்.
ஏழு வாரமாக வருகிறது, பேசியதில்லை.
ஆணா பெண்ணா, எந்த ஊர், எத்தனை நாள், தெரியாது.
கேட்க வந்தவர் என்று நானே வைத்துக்கொண்டேன்.

பன்னிரண்டு படிகளில் இன்று ஐந்தாவது.
ஆர்மஸ் பேசிக்கொண்டிருந்தார்,
மகள் கல்யாணத்தில் தன்னிடம் இல்லாமல்போன
நாலு மணி நேரத்தைப் பற்றி.
கறுப்புச் சதுரத்தின் விளிம்பு பச்சையானது.

மூடி திருகும் சத்தம்.
தகர வளையம் அறுந்து விடுபடும் அந்தச் சின்ன நறநறப்பு.
எங்களில் யாருக்கும் அதற்கு உரை வேண்டாம்.

ஆர்மஸ் பாதியில் நின்றார்.
என் விரல் முடக்கும் பொத்தான்மேல்.
மற்ற ஏழு பேரைக் காப்பது என் வேலை.
அழுத்தினால் ஒருவரை இருட்டில் விட்டுக் கதவைச் சாத்துவதாகும்.
என் வாயில் நீர் ஊறியது; அதையும் சொல்லிவிடுகிறேன்.

பிறகு ஊற்றும் ஓசை.

கண்ணாடித் தம்ளரில் ஊற்றினால்
நிறைய நிறையச் சுருதி ஏறும்,
விளிம்பு நெருங்கும்போது மெலிந்து கூராகும்.
விளக்குப் போடாமல், அடுத்த அறையில் பிள்ளைகள் தூங்க,
அந்த ஏற்றத்தைக் கேட்டே கையை நிறுத்தப் பழகியவர்கள் நாங்கள்.
எட்டுப் பேரும் திரைக்குக் காது கொடுத்தோம்.
ரெய்யோவின் நெற்றி பெரிதாகி வந்தது.

ஏறவில்லை.
ஒரே மட்டத்தில், குழிவாக, தகரத்தில்,
தொட்டி குடிக்கிற மாதிரி.
வெகு நேரம். பெரிய குப்பி.
பிறகு குழாயைத் திறந்துவிட்ட இரைச்சல்.

யாரும் கை தட்டவில்லை.
இரண்டாவது குப்பி உண்டா என்று யாருக்குத் தெரியும்?
எங்கள் வீடுகளில் எப்போதும் இருந்தது.

"ஆர்மஸ், உங்களுக்கு இன்னும் ஒரு நிமிடம் இருக்கிறது"
என்றாள் தெர்த்து.
அதைச் சொல்ல வேண்டியவள் நான்.
அவர் தொடர்ந்தார். கேக் வெட்டியது ஞாபகமில்லை என்றார்.
படத்தில் கத்தி தன் கையில்தான் இருக்கிறது என்றார்.

கடைசியில் எல்லோரும் ஒலியைத் திறந்து
அந்த நாலு வரியைச் சேர்ந்து சொல்வோம்.
சேராது. ஒரே வாக்கியம் பல வழியில் பனியைக் கடந்து
முன்னும் பின்னுமாய் வந்து விழும்,
படிக்கட்டில் நழுவிய தட்டுகள்போல்.
இன்று எல்லாம் ஓய்ந்தபின் ஒரு இருமல்.
யாருடையது என்று பார்ப்பதற்குள் சதுரங்கள் அணைந்தன.

குறிப்பேட்டில்: வருகை, ஒன்பது.

பிறகு ஆர்மஸை அழைத்தேன்.
"எனக்கு வாயில் நீர் ஊறியது" என்றேன்.
லாரியின் எஞ்சின் இரண்டு தடவை இருமி உயிர்பெற்றது.
"எனக்கும்" என்றார்.
"வைத்துவிடாதே. சோதான்கூலா வரைக்கும் பேசு."